படிகமா, படிக வடிவமற்றதா? திண்மங்களை அறியும் முழுமையான வழிகாட்டி

திண்மங்களை இரண்டாகப் பிரிக்கும் பாடத்தை நம்மில் பெரும்பாலோர் ஓர் அட்டவணையாகவே சந்தித்திருக்கிறோம். இடப்பக்கம் படிகத் திண்மம், வலப்பக்கம் படிக வடிவமற்ற திண்மம். கூர்மையான உருகுநிலை உண்டு, இல்லை. திசைக்குத் திசை பண்பு மாறும், மாறாது. தேர்வுக்கு முந்தைய இரவு மனப்பாடம் செய்தால் மறுநாள் மாலை வரை நிற்கும். அதன்பின் எந்த வரி எந்தப் பக்கம் என்பதே குழம்பிவிடும்.

இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அட்டவணையின் வரிகள் அனைத்தும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதை மாணவர்களுக்குச் சொல்லாமல் விடுவதுதான் பெரிய குறை என்று எனக்குப் படுகிறது. அந்த வேரைப் பிடித்துக்கொண்டால் ஒரு வரியையும் ஒப்பிக்க வேண்டியதில்லை. தேவைப்படும்போது நீங்களே வருவித்துக்கொள்ளலாம். கையில் கிடைத்த ஒரு திண்மம் எந்த வகை என்று படிப்படியாகக் கண்டுபிடிப்பதுபோல இந்த வழிகாட்டியை அமைத்திருக்கிறேன். ஒவ்வொரு படியிலும் ஏமாந்துபோகக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. அதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. சில பாடநூல்களில் பளிங்குருத் திண்மம், பளிங்குருவற்ற திண்மம் என்று இருக்கும். ஆய்வகங்களில் அமார்ஃபஸ் என்ற சொல் புழங்குகிறது. வடிவம் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லின் எதிர்மறை அது. பொருள் ஒன்றே.

தொடங்கும் முன்: வேர் எது?

குவார்ட்ஸ் கல்லையும் தூய சிலிக்கா கண்ணாடியையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் சிலிக்கான் டை ஆக்சைடுதான். இரண்டிலும் ஒவ்வொரு சிலிக்கான் அணுவைச் சுற்றியும் நான்கு ஆக்சிஜன் அணுக்கள் நான்முகி வடிவில் நிற்கின்றன. சிலிக்கானுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான தொலைவு இரண்டிலும் சுமார் 0.16 நானோமீட்டர். ஓர் அணுவின் அருகில் நின்று அக்கம்பக்கத்தை மட்டும் பார்த்தால், நாம் இருப்பது கல்லிலா கண்ணாடியிலா என்று சொல்லவே முடியாது.

வேறுபாடு தொலைவில் தெரிகிறது. குவார்ட்ஸில் ஒரு நான்முகிக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள கோணம் எங்கே அளந்தாலும் ஒன்றே. கண்ணாடியில் அந்தக் கோணம் இடத்துக்கு இடம் கொஞ்சம் விரிகிறது, கொஞ்சம் சுருங்குகிறது. சிறு சிறு மாறுதல்கள்தாம். ஆனால் பத்து அணுக்கள் கடப்பதற்குள் அவை சேர்ந்து, அடுத்த அணு எங்கே இருக்கும் என்று கணிக்க முடியாதபடி செய்துவிடுகின்றன. மீன்வலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காகப் பின்னிய வலையில் எல்லாக் கண்களும் ஒரே அளவு. இன்னொரு வலையில் ஒவ்வொரு முடிச்சிலும் சேரும் நூல்களின் எண்ணிக்கை சரியாகவே இருக்கிறது; கண்கள் மட்டும் பெரிதும் சிறிதுமாக உள்ளன. கண்ணாடியின் அமைப்பு இந்த இரண்டாவது வலையைப் போன்றது என்ற கருத்தை 1932-இல் வில்லியம் சகரியாசன் முன்வைத்தார். இன்றும் கண்ணாடியைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

அக்கம்பக்கத்தில் மட்டும் நிலவுவது குறுகிய எல்லை ஒழுங்கு. திண்மத்தின் கடைசி வரை தொடர்வது நீண்ட எல்லை ஒழுங்கு. முதலாவது இரண்டு வகைத் திண்மங்களிலும் உண்டு. இரண்டாவது படிகத்துக்கு மட்டுமே உரியது. படிக வடிவமற்ற திண்மத்தில் ஒழுங்கே கிடையாது என்று விடைத்தாளில் எழுதுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

இதிலிருந்து நேரடியாக இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. படிகத்தில் ஒரே வகைப் பிணைப்புகள் எல்லா இடத்திலும் ஒரே வலிமையுடன் இருக்கும். மற்றதில் வலுவானதும் நலிந்ததும் கலந்திருக்கும். படிகத்தில் ஒரு திசையில் நடந்தால் தென்படும் அணு வரிசை வேறு, இன்னொரு திசையில் தென்படுவது வேறு. மற்றதில் எத்திசையில் நடந்தாலும் சராசரியில் ஒரே காட்சிதான். இந்த இரண்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு முதல் படிக்கு வாருங்கள்.

முதல் படி: கண்ணால் பாருங்கள், முடிவு கட்டிவிடாதீர்கள்

கறுப்புத் தாளின்மேல் சில உப்புத் துகள்களைத் தூவி, உருப்பெருக்கும் கண்ணாடியால் பாருங்கள். வெறுங்கண்ணுக்கு வெள்ளைத் தூளாகத் தெரிந்தது, சின்னஞ்சிறு பெட்டிகளாக மாறும். சில பெட்டிகளின் மூலைகள் ஒன்றோடொன்று உராய்ந்து மழுங்கியிருக்கும். சிலவற்றின் முகத்தில் மெல்லிய படிக்கட்டு போன்ற வரிகள் இருக்கும். ஆனாலும் பக்கங்கள் சந்திக்கும் கோணம் 90 டிகிரிதான். படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் மிகச்சிறிய பெட்டிக்கு அலகுக்கூடு என்று பெயர். சோடியம் குளோரைடின் அலகுக்கூட்டின் விளிம்பு 0.564 நானோமீட்டர். 0.3 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு துகளின் விளிம்பில் அப்படிப்பட்ட கூடுகள் ஏறத்தாழ ஐந்து லட்சத்து முப்பதாயிரம் வரிசையாக நிற்கின்றன. கண்ணுக்குத் தெரியாத கனசதுரத்தின் கோணம், இத்தனை லட்சம் மடங்கு பெருகிய பின்பும் மாறாமல் நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது. முதன்முறை இதைப் பார்ப்பவர்கள் உருப்பெருக்கியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள்.

குவார்ட்ஸ் படிகங்கள் பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும், ஒத்த முகங்களுக்கு இடையிலான கோணம் மாறுவதில்லை என்று நீல்ஸ் ஸ்டெனோ 1669-இல் எழுதினார். படிகவியலின் முதல் விதி அது. அணு என்பது வெறும் ஊகமாக இருந்த காலத்தில், கோணத்தை மட்டும் வைத்து உள்ளே ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும் என்ற திசையில் அவர் போனது பெரிய காரியம்.

ஏமாறக்கூடிய இடம் இது: வெளிவடிவம் அழகாக இருந்தால் படிகம் என்று எண்ணிவிடக் கூடாது. பட்டை தீட்டிய கண்ணாடிக்கும் தட்டையான முகங்கள் உண்டு. 'கிரிஸ்டல்' என்ற பெயரில் விற்கப்படும் மினுமினுப்பான கோப்பைகள் ஈயம் போன்றவை சேர்ந்த கண்ணாடியால் ஆனவை. பெயரில் மட்டுமே படிகம். மறுபுறம், வடிவமே இல்லாத இரும்புத் துண்டு முழுக்க முழுக்கப் படிகமயமானது. ஆகவே முதல் படி தருவது சந்தேகத்தை மட்டும்தான், தீர்ப்பை அல்ல.

இரண்டாம் படி: உடைத்துப் பாருங்கள்

அதே உப்புத் துகளைக் கரண்டியின் அடிப்புறத்தால் மெல்ல நசுக்கி மீண்டும் பாருங்கள். பெட்டி உடைந்து சிறு பெட்டிகளாகியிருக்கும். கால்சைட்டைத் தட்டினால் சாய்ந்த பெட்டிகளாகவே பிளக்கும். மைக்காவை நகத்தால் ஏடு ஏடாக உரிக்கலாம். சில தளங்களுக்கு இடையே பிணைப்பு நலிந்திருப்பதால் விரிசல் அந்தத் தளத்தைப் பிடித்துக்கொண்டு நேராக ஓடுகிறது. கண்ணாடியில் விரிசலுக்கு அப்படி வழிகாட்டும் தளம் ஏதும் கிடையாது. அதனால் உடைந்த முகம் சிப்பியின் உட்புறம்போல் வளைந்து, அலையலையான வரிகளோடு இருக்கும். எரிமலைக் கண்ணாடியான அப்சிடியனை உடைத்தால் கிடைக்கும் கூரிய விளிம்பும் இப்படி வந்ததுதான். கற்கால மனிதர்கள் கத்தியும் அம்புமுனையும் செய்ய அதைத் தேடிப்போனதற்குக் காரணம் அந்த விளிம்பு.

பெரும்பாலான குறிப்புகள் சொல்லாமல் விடும் விதிவிலக்கு ஒன்று உண்டு. குவார்ட்ஸ் உண்மையான படிகம். ஆனால் உடைத்தால் கண்ணாடியைப் போலவே வளைந்த முகத்தோடு உடையும். அதில் எல்லாத் திசைகளிலும் பிணைப்புகள் ஏறக்குறைய ஒரே அளவு வலுவானவை; எளிதில் விட்டுக்கொடுக்கும் தளம் இல்லை. எனவே தட்டையாகப் பிளந்தால் படிகம் என்று துணிந்து சொல்லலாம். வளைந்து உடைந்தால் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

மூன்றாம் படி: சூடேற்றிப் பாருங்கள்

என்னைப் பொறுத்தவரை மொத்தப் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

படிகத்தில் ஒரே வகைப் பிணைப்புகள் ஒரே வலிமையுடன் இருக்கின்றன என்று பார்த்தோம். அப்படியானால் அவை விட்டுக்கொடுக்கும் வெப்பநிலையும் ஒன்றாகத்தானே இருக்க முடியும்? அதுதான் கூர்மையான உருகுநிலை. சோடியம் குளோரைடு 801 டிகிரி செல்சியஸ் வரை திண்மமாகவே இருக்கிறது, அங்கே உருகுகிறது. பனிக்கட்டி 0 டிகிரியில் உருகும்போது, கடைசித் துண்டு கரையும் வரை வெப்பமானியின் அளவு ஏறுவதில்லை. கொடுக்கும் வெப்பம் முழுவதும் ஒழுங்கைக் கலைப்பதற்கே செலவாகிறது: ஒரு கிராம் பனிக்கட்டிக்கு 334 ஜூல். இந்த உள்ளுறை வெப்பம், ஒழுங்குக்காகக் கட்டப்பட்ட விலை என்று சொல்லலாம்.

கண்ணாடியில் நலிந்த பிணைப்புகள் முதலில் தளர்கின்றன, வலுவானவை பின்னர். ஆகவே அது முதலில் இளகும், பிறகு வளையும், பிறகு தேனாகும், பிறகுதான் ஓடும். கண்ணாடிக் குழாயை ஊதிக் குடுவையாக்க முடிவதும், இழுத்து நூலாக்க முடிவதும் இதனால்தான். உப்பை ஊதிக் குடுவையாக்க முடியாது. இளகிய உப்பு என்று ஒரு நிலையே இல்லை. திண்மம் அல்லது திரவம், நடுவில் ஒன்றுமில்லை.

நேரத்துக்கு எதிராக வெப்பநிலையை வரைந்தால் வேறுபாடு கண்ணுக்கு நேராகத் தெரியும். உருகிய படிகப் பொருளைக் குளிரவிட்டால் கோடு இறங்கிவந்து, உறைநிலையில் கிடைமட்டமாகச் சிறிது ஓடி, மீண்டும் இறங்கும். கண்ணாடி குளிரும் கோட்டில் அந்தத் தட்டையான பகுதியே இருக்காது. ஆனால் நுட்பமான கருவியில் பார்த்தால், ஓரிடத்தில் அதன் வெப்ப ஏற்புத்திறனும் விரிவடையும் வேகமும் சட்டென மாறுவது தெரியும். அது கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை. சாதாரண ஜன்னல் கண்ணாடிக்கு இது சுமார் 550 டிகிரி செல்சியஸ். பாகுநிலை ஒரு லட்சம் கோடி பாஸ்கல்-வினாடியைத் தொடும் வெப்பநிலை என்று இதை வரையறுப்பதும் வழக்கம். உருகுநிலையைப் போல இது அசையாத எண் அல்ல. வேகமாகக் குளிர்வித்தால் சற்று மேலே நிற்கும். மெதுவாகக் குளிர்வித்தால் சற்று கீழே இறங்கும். அணுக்கள் ஒழுங்குபடத் தேவையான நேரம் கிடைக்காமல், நின்ற இடத்திலேயே உறைந்துபோவதால் வரும் விளைவு இது.

இந்த இடத்தில் நெடுங்காலமாக உலவிவரும் கதை ஒன்றை நிறுத்தியாக வேண்டும். கண்ணாடி மீக்குளிர்ந்த திரவம் (உறைநிலைக்குக் கீழே போயும் உறையாத திரவம்), ஆகவே அது மெல்ல வழிகிறது, பழைய தேவாலயங்களின் ஜன்னல் கண்ணாடி அடிப்பக்கம் தடித்திருப்பதே அதற்குச் சான்று என்பார்கள். தவறு. அறை வெப்பநிலையில் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வழிய, பிரபஞ்சத்தின் வயதைவிட எத்தனையோ மடங்கு காலம் ஆகும். அந்தக் காலத்துத் தகடுகள் செய்யப்பட்டபோதே சீரற்ற தடிமனுடன் இருந்தன. பொருத்தியவர்கள் பல சமயம் தடித்த பக்கத்தைக் கீழே வைத்தார்கள். மீக்குளிர்ந்த திரவம், போலித் திண்மம் என்ற பெயர்களைப் பாடநூல் கேட்டால் எழுதுங்கள். ஆனால் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைக்குக் கீழே அது முறையான திண்மம் என்பதை மனத்தில் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்தில் உருகுநிலை பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தூய பென்சாயிக் அமிலம் 122 டிகிரியில் கூர்மையாக உருகும். அதில் சிறிது மாசு கலந்தால் உருகத் தொடங்கும் வெப்பநிலை இறங்கி, முடியும் வரை பல டிகிரி நீளும். அதைப் பார்த்து, இது படிக வடிவமற்றது என்று எழுதிவிடக் கூடாது. நுண்குழாயில் தூள் ஈரமாகி, ஓரங்களில் திரவம் தோன்றி, நடுவில் திண்மம் மிதந்தால் அது மாசுள்ள படிகம். தூள் முழுவதும் ஒருசேரக் குழைந்து பசையானால் மட்டுமே மற்றதைச் சந்தேகிக்கலாம்.

நான்காம் படி: திசையை மாற்றி அளந்து பாருங்கள்

குவார்ட்ஸின் நெடுக்கு அச்சின் வழியே வெப்பம் பாயும் வேகமும் குறுக்கே பாயும் வேகமும் ஒன்றல்ல. அறை வெப்பநிலையில் நெடுக்கே வெப்பக் கடத்துத்திறன் ஏறத்தாழ 11 வாட். குறுக்கே 6 முதல் 7 வரை, ஒரு மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு. அதே சிலிக்காவைக் கண்ணாடியாக்கினால் எத்திசையிலும் சுமார் 1.4 மட்டுமே. திசை வேறுபாடு மறைந்தது மட்டுமின்றி, மதிப்பும் விழுந்துவிட்டதைக் கவனியுங்கள். வெப்பத்தைச் சுமக்கும் அதிர்வலைகள் ஒழுங்கான வரிசையில் தடையின்றி ஓடுகின்றன. கலைந்த அமைப்பில் அடிக்கு அடி சிதறிப்போகின்றன. அடர்த்தியும் அப்படித்தான்: குவார்ட்ஸுக்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம், சிலிக்கா கண்ணாடிக்கு 2.20. ஒழுங்கு கலையும்போது இடம் வீணாகிறது.

திசைக்குத் திசை பண்பு மாறுவது திசையொப்புப் பண்பின்மை. மாறாதிருப்பது திசையொப்புப் பண்பு. படிகத்தில் முன்னது, படிக வடிவமற்றதில் பின்னது. கிராஃபைட் தன் அடுக்குகளின் வழியே மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அடுக்குகளுக்குக் குறுக்கே மிகக் குறைவாகவே கடத்தும். கால்சைட்டை எழுத்தின்மேல் வைத்தால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகத் தெரியும். உள்ளே புகும் ஒளி இரு கதிராகப் பிரிகிறது. ஒன்றுக்கு ஒளிவிலகல் எண் 1.658, மற்றதற்கு 1.486 வரை இறங்கக்கூடும்.

இதை நீங்களே செய்து பார்க்க எளிய வழி இருக்கிறது. கணினியின் எல்.சி.டி. திரையை வெண்மையாக ஒளிரவிட்டு, ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தளவிளைவுக் (போலரைஸ்டு) குளிர்கண்ணாடி வழியே பாருங்கள். குளிர்கண்ணாடியை மெல்லச் சுழற்றினால் ஒரு நிலையில் திரை இருண்டுவிடும். அந்த நிலையில், நடுவில் நுண்ணோக்கிக்குப் பயன்படும் கண்ணாடித் தகடு ஒன்றை நுழைத்தால் இருள் அப்படியே நீடிக்கும். அது எல்லாத் திசைக்கும் ஒன்றே. மைக்கா ஏடு ஒன்றை நுழைத்துத் திருப்பினால் இருளின் நடுவே அது மட்டும் பிரகாசிக்கும். இப்போது நிறமற்ற பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றை வைத்துப் பாருங்கள். வானவில் பட்டைகள் தோன்றும், அதிலும் துளைகளையும் ஓரங்களையும் சுற்றி நெருக்கமாக. அந்தப் பிளாஸ்டிக் படிகமல்ல. அச்சில் வார்த்தபோது இழுபட்ட மூலக்கூறுகள் அப்படியே உறைந்து, உள்ளே இறுக்கம் தங்கிவிட்டது. அந்த இறுக்கம் திசை வேறுபாட்டை உண்டாக்கியிருக்கிறது. பொறியாளர்கள் இதே முறையால்தான் ஒளி ஊடுருவும் மாதிரிகளில் விசை எங்கே குவிகிறது என்று கண்டறிகிறார்கள்.

இந்தப் படியில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. கனசதுர அமைப்புள்ள உப்பும் வைரமும் ஒளியைப் பொறுத்தவரை எல்லாத் திசையிலும் ஒன்றே. மேற்சொன்ன சோதனையில் அவை இருளாகவே நிற்கும். இரண்டாவது, உலோகங்கள். செம்புக் கம்பியை எப்பக்கம் திருப்பி அளந்தாலும் பண்பு ஏறக்குறைய மாறாது. அதற்காக அது படிக வடிவமற்றதாகிவிடாது. லட்சக்கணக்கான நுண்படிகங்கள் கண்டபடி திரும்பி ஒட்டியிருப்பதால் சராசரியில் திசை வேறுபாடு கரைந்துவிடுகிறது. இதற்குப் பல்படிகம் என்று பெயர். துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டின் மேற்பரப்பைச் சாய்த்துப் பாருங்கள். பூ விரிந்ததுபோன்ற திட்டுகள் சில வெளிறியும் சில கறுத்தும் தெரியும்; திருப்பினால் வெளிறியது கறுக்கும். ஒவ்வொரு திட்டும் தனித்தனித் துத்தநாகப் படிகம்.

ஐந்தாம் படி: எக்ஸ் கதிரிடம் கேளுங்கள்

மேலே சொன்ன எல்லாச் சோதனைகளுக்கும் விதிவிலக்கு இருந்தது. இறுதித் தீர்ப்பு எக்ஸ் கதிரிடம்தான். 1912-இல் மாக்ஸ் ஃபான் லாவேயின் யோசனைப்படி ஃபிரிட்ரிக்கும் நிப்பிங்கும் செம்பு சல்ஃபேட் படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தியபோது, புகைப்படத் தகட்டில் தனித்தனிப் புள்ளிகள் விழுந்தன. எக்ஸ் கதிர் ஓர் அலை, படிகம் அணுக்களின் ஒழுங்கான அடுக்கு என்ற இரண்டையும் அந்த ஒரே படம் மெய்ப்பித்தது. பிராக் தந்தையும் மகனும் அதை அளவீட்டுக் கருவியாக்கி 1915-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அப்போது மகன் லாரன்ஸ் பிராக்கின் வயது 25.

தத்துவம் எளியது. அடுக்கடுக்கான தளங்களில் பட்டுத் திரும்பும் அலைகள், அவற்றின் பாதை வேறுபாடு அலைநீளத்தின் முழு மடங்காக இருந்தால் மட்டுமே ஒன்றையொன்று வலுப்படுத்தும். தள இடைவெளியின் இருமடங்கைக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் வருவதே அந்தப் பாதை வேறுபாடு. எக்ஸ் கதிர்க் குழாயின் செம்பு இலக்கிலிருந்து வரும் 0.154 நானோமீட்டர் அலைநீளக் கதிரை உப்பின்மேல் செலுத்துவோம். தள இடைவெளி 0.282 நானோமீட்டர், ஆகவே சைன் மதிப்பு 0.154-ஐ 0.564-ஆல் வகுத்தால் வரும் 0.273, கோணம் 15.85 டிகிரி. கருவி காட்டுவது இதன் இருமடங்கை. உப்பின் மிக உயரமான முகடு 31.7 டிகிரியில் ஊசிபோல் நிற்பதை எந்த ஆய்வகத்திலும் காணலாம்.

சிலிக்கா கண்ணாடியை வைத்தால் ஊசிகள் இருக்காது. 21, 22 டிகிரியைச் சுற்றி அகன்ற மேடு ஒன்று எழுந்து அடங்கும். அந்த மேடு, அக்கம்பக்க ஒழுங்கு மிஞ்சியிருப்பதன் கையொப்பம்; ஊசி இல்லாமை, தொலைவு ஒழுங்கு இல்லாமையின் கையொப்பம். ஊசியும் மேடும் சேர்ந்து வந்தால் பொருளில் இரண்டும் கலந்திருக்கின்றன.

இத்தகைய புள்ளிப் படங்களே படிகத்தின் வரையறையையும் மாற்றின. 1982-இல் டான் ஷெக்ட்மன், வேகமாகக் குளிர்வித்த அலுமினியம்-மாங்கனீசுக் கலவையில் எலக்ட்ரான் கற்றையால் கூர்மையான புள்ளிகளைக் கண்டார். ஆனால் அவற்றின் சமச்சீர், திரும்பத் திரும்ப அடுக்கும் எந்த அலகுக்கூட்டாலும் தர முடியாத ஒன்று. பல ஆண்டு எதிர்ப்புக்குப் பின் 2011-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்னரே, 1992-இல், பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் கூர்மையான விளிம்பு விளைவுப் படம் (கதிர் சிதறி உண்டாகும் புள்ளிப் படம்) தரும் திண்மம் எதுவோ அதுவே படிகம் என்று வரையறையைத் திருத்திக்கொண்டது.

ஆறாம் படி: படிகம் என்று தெரிந்தபின்

துகள்களைப் பிணைப்பது எது என்று கேட்டால் நான்கு வகை கிடைக்கும்: உப்பு போன்ற அயனிப் படிகம், வைரம் போன்ற சகப்பிணைப்புப் படிகம், செம்பு போன்ற உலோகப் படிகம், பனிக்கட்டி போன்ற மூலக்கூறு படிகம். கடினத்தன்மை, மின் கடத்தல், உருகுநிலை மூன்றையும் இந்தப் பிணைப்பே தீர்மானிக்கிறது. வடிவியலைக் கேட்டால் ஏழு படிகத் தொகுதிகள், 14 பிராவே அணிக்கோவைகள். இவற்றை எந்தப் பாடநூலிலும் காணலாம் என்பதால் இங்கே விரிக்கவில்லை.

கணக்கு ஒன்றை மட்டும் செய்து பார்ப்போம். அலகுக்கூடு வெறும் படமல்ல என்பதை அது உணர்த்தும். செம்பு முகப்பு மைய கனசதுரம். எட்டு மூலை அணுக்கள் எட்டில் ஒரு பங்கு வீதம் 1, ஆறு முக அணுக்கள் பாதி வீதம் 3. ஆக 4 அணுக்கள். அணு நிறை 63.55, நான்குக்கும் 254.2. கூட்டின் விளிம்பு 0.3615 நானோமீட்டர். இதன் மும்மடியைக் கன சென்டிமீட்டரில் எழுதி அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் 28.45 வருகிறது. 254.2-ஐ 28.45-ஆல் வகுத்தால் அடர்த்தி 8.94. தராசும் அளவுக்குவளையும் தரும் விடையும் ஏறத்தாழ இதுவேதான்.

பொதிவுத் திறனும் நம் தலைப்போடு தொடர்புடையது. எளிய கனசதுரத்தில் 52.4 சதவீதம், பொருள் மைய கனசதுரத்தில் 68, முகப்பு மைய கனசதுரத்தில் 74 சதவீத இடத்தைக் கோளங்கள் நிரப்புகின்றன. அதே கோளங்களை ஒரு பாத்திரத்தில் கொட்டிக் குலுக்கினால் சுமார் 64 சதவீதத்தில் நின்றுவிடும். 64-க்கும் 74-க்கும் இடையிலுள்ள இந்தப் பள்ளம்தான் ஒழுங்கின்மையின் அளவு.

ஏழாம் படி: எது நிலையானது, எது பயன்படும்?

ஒரே பொருளின் இரு நிலைகளில், உருகுநிலைக்குக் கீழே படிகமே ஆற்றல் குறைந்தது, நிலையானது. மற்றது மலைச்சரிவில் ஒரு பள்ளத்தில் தங்கிய கல். தள்ளினால் கீழே உருளும். தள்ளாவிட்டால் யுகக்கணக்கில் அங்கேயே இருக்கும். பழங்காலக் கண்ணாடிப் பொருள்கள் சில பால்போல் மங்கியிருப்பது கண்ணாடி படிகமாக மாறியதால் அல்ல; பெரும்பாலும் மேற்பரப்பு ஈரத்தால் அரிக்கப்பட்டதால்.

அந்தக் கூடுதல் ஆற்றல் சில இடங்களில் வரமாகிறது. நீரில் கரையத் தயங்கும் மருந்தைப் படிக வடிவமற்றதாக்கினால் விரைவாகக் கரையும். உடைக்க வேண்டிய ஒழுங்கு இல்லையே. ஆனால் அலமாரியில் இருக்கும்போதே அது படிகமாகிவிடாமல் காப்பது மருந்தாக்க வல்லுநர்களின் பெரும்பாடு. படிகங்களுக்குள்ளேயும் இந்தச் சிக்கல் உண்டு. எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனவிர், 1998-இல் எதிர்பாராத புதிய படிக வடிவத்துக்கு மாறியது. அது சரியாகக் கரையாததால் மாத்திரை உறைகளைச் சந்தையிலிருந்து எடுக்க நேர்ந்தது. மூலக்கூறு ஒன்றே, அடுக்கு முறை மாத்திரம் வேறு. நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய மருந்தே நின்றுபோனது.

கடிகாரத்தில் நேரம் காட்டுவது குவார்ட்ஸ் படிகம். அழுத்தினால் மின்னழுத்தம் தரும் அதன் பண்பை பியரி, ஜாக் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டார்கள். இன்றைய கைக்கடிகாரத்தில் அது வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதே சிலிக்காவின் கண்ணாடியால் அது முடியாது. எத்திசையும் ஒன்றான பொருளில் நேர்மின், எதிர்மின் மையங்கள் விலக வழியில்லை. ஆனால் ஒளியிழைக்கு வேண்டியது கண்ணாடிதான்: நுண்படிக எல்லைகள் இல்லாததால் ஒளி சிதறாமல் பல கிலோமீட்டர் போகிறது.

உலோகத்தையும் கண்ணாடியாக்கலாம். 1960-இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் போல் டூவேயின் குழு, தங்கம்-சிலிக்கான் கலவையை வினாடிக்குப் பத்து லட்சம் டிகிரி அளவு வேகத்தில் குளிர்வித்து முதல் உலோகக் கண்ணாடியைப் பெற்றது. இரும்பு அடிப்படையிலான அத்தகைய நாடாக்கள் இன்று மின்மாற்றி உள்ளகங்களில் ஆற்றல் இழப்பைக் குறைக்கின்றன. நீரைக்கூட இப்படி உறைய வைக்கலாம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் உயிர் மூலக்கூறுகளைப் படமெடுக்கும்போது, அவற்றைச் சுற்றியுள்ள நீர் படிகமானால் அவை சிதையும், படமும் கெடும். அதற்கு நேரம் தராமல் நீரைக் கண்ணாடியாக்கும் முறையைக் கண்டுபிடித்த ஜாக் டுபோஷே 2017 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர்.

எட்டாம் படி: ஒரே பொருளை இரு நிலையிலும் பாருங்கள்

இதற்கு கந்தகத்தைவிடச் சிறந்த பொருள் இல்லை. புகைபோக்கி உள்ள ஆய்வகத்தில், ஆசிரியர் உடனிருக்க மட்டுமே செய்யுங்கள். கந்தகம் தீப்பிடித்தால் வரும் சல்ஃபர் டை ஆக்சைடு நுரையீரலைத் தாக்கும்.

சோதனைக்குழாயில் கந்தகத் தூளை எடுத்து, சிறு சுடரில் குழாயை அசைத்தபடி சூடேற்றுங்கள். 115 டிகிரி அளவில் வெளிர் மஞ்சள் திரவமாகி நீர்போல் ஓடும். மேலும் சூடேற்றினால், பொதுவாகத் திரவங்கள் இளகும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, 160 டிகிரியைத் தாண்டியதும் அது செம்பழுப்பாகித் தடித்துவிடும்; குழாயைக் கவிழ்த்தாலும் விழாது. எட்டு அணு வளையங்கள் அறுந்து, நீண்ட சங்கிலிகளாக இணைந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதன் விளைவு. விடாமல் சூடேற்றுங்கள். கொதிநிலையை நெருங்கும்போது சங்கிலிகள் குறுகி மீண்டும் ஓடத் தொடங்கும். அப்போது குளிர்ந்த நீருள்ள முகவையில் மெல்லிய தாரையாக ஊற்றுங்கள்.

நீரின் அடியில் பழுப்பு நிற நூல்கள் சுருண்டு கிடக்கும். குளிர்ந்ததும் இடுக்கியால் எடுத்து இழுங்கள். ரப்பரைப் போல நீண்டு சுருங்கும். சங்கிலிகள் தம் வளையங்களுக்குத் திரும்பவோ வரிசையாக நிற்கவோ நேரம் கிடைக்காமல் சிக்கிய நிலை இது. படிக வடிவமற்ற, நெகிழ்கந்தகம். அதைத் தட்டில் வைத்து மூடி, தேதி எழுதி வையுங்கள். ஒவ்வொரு நாளும் எடுத்து மெல்ல வளைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் பளபளப்பு மங்கும். பிறகு ஓரங்களில் வெளிர் மஞ்சள் திட்டுகள் பரவும். வளையும் தன்மை குறைந்துகொண்டே வரும். சில நாளில் ஒரு காலை, வழக்கம்போல் வளைக்கும்போது நூல் சட்டென்று முறியும். முறிந்த இடத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். மஞ்சளாக, மணல்மணலாக, சாய்சதுரக் கந்தகத்தின் நுண்படிகங்கள் மின்னும்.